கேட்டே களைத்த சர்வர்: ஆண்ட்ரூ கோப்பு அமைப்பு பற்றி ஒரு குறிப்பு

ஆறு சர்வர்கள், சுமார் 100 வொர்க்ஸ்டேஷன்கள், 400 பயனர்கள். 1980களின் நடுவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சோதனை அமைப்பின் அளவு இது. ஆள் கூடக்கூட அது திணறியது. கட்டியவர்கள் உட்கார்ந்து, சர்வர்களுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பையும் வகை பிரித்து எண்ணினார்கள். "இந்தக் கோப்பைக் கொடு", "இந்தக் கோப்பை வாங்கி வை" என்ற இரண்டும் சேர்த்து நூற்றுக்கு ஆறு சொச்சம்தான் வந்தது. கிட்டத்தட்ட 90 சதவீதத்தை வேறு இரண்டே அழைப்புகள் தின்றுகொண்டிருந்தன. ஒன்று, "என்கிட்ட இருக்கிற நகல் இன்னும் செல்லுமா?" மற்றது, "இந்தக் கோப்பின் விவரம் என்ன?" கோப்பு கொடுப்பதற்காகக் கட்டிய சர்வர், பதில் சொல்லியே பொழுதைக் கழித்திருக்கிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தென்காசியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஒரு புராஜெக்டின் டைரக்டரியை அலுவலகத்தின் பகிர்வுச் சேமிப்பில் காப்பி பண்ணப் போட்டுவிட்டு என்னிடம் இரண்டு புகார் சொன்னார். மொத்த அளவு ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இல்லை, நெட்டும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மணிக்கணக்கில் இழுக்கிறது என்பது முதலாவது. ஒருவழியாக முடிந்த பிறகு பார்த்தால், அவர் பூட்டி வைத்திருந்த கோப்புகளை எல்லாரும் திறக்கிறார்கள், திறக்க வேண்டியவர்களால் சிலதைத் திறக்க முடியவில்லை என்பது இரண்டாவது. அவர் இதைத் தொடர்பில்லாத இரண்டு கோளாறு என்று நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் யாரிடம், எத்தனை தடவை அனுமதி கேட்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அளவுகோல் வைத்து அளந்து பார்த்தவர்கள் பிட்ஸ்பர்க்காரர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1982-ல் ஐபிஎம் நிறுவனமும் கார்னகி மெலனும் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டன. வளாகம் முழுக்க ஆளுக்கு ஒரு கணினி, எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்பு அவரவர்க்குக் கிடைக்க வேண்டும். 5,000 கணினிகளுக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரண்டு கொடையாளர்களுக்கும் முதல் பெயர் ஒன்றாக இருந்ததால் திட்டத்துக்கே ஆண்ட்ரூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த ஜேம்ஸ் மாரிஸ் தலைமை. அதன் கோப்பு அமைப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் 1975-ல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இளநிலை, 1977-ல் அங்கேயே கணினி அறிவியலில் முதுநிலை. 1983-ல் கார்னகி மெலனில் முனைவர் பட்டம். அவர் சென்னையில் படித்த காலத்தில் ஐஐடியில் இருந்தது ஐபிஎம் 370/155. எல்லாரும் ஒரே பெரிய இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்ற காலம். அங்கே அனுமதி பெரிய பிரச்சினையே கிடையாது. இயந்திரம் ஒன்று, அதன் காவலும் ஒன்று. ஆயிரக்கணக்கான இயந்திரங்களை மாணவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு அவர்கள் கண்ட பதில், கணினி உலகத்துக்குரிய குறும்போடு பெயர்களிலேயே இருக்கிறது. சர்வர் கூட்டத்துக்கு வைஸ் என்று பெயர், அதாவது தீயொழுக்கம். மாணவர் மேஜையில் இருக்கும் கணினிப் பக்கத்துக்கு வர்ச்சூ, நல்லொழுக்கம். மேஜைக் கணினியில் ஓடிக்கொண்டு வைஸுடன் பேசும் நிரல் வீனஸ். நம்பிக்கையோ நேர் தலைகீழ். வைஸை மட்டும்தான் நம்புவார்கள், வர்ச்சூவை நம்பவே மாட்டார்கள். மேஜைக் கணினியைத் திறந்து உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிவைக்க மாணவனால் முடியும். ஆகவே "இவர் இந்தக் கோப்பைப் படிக்கலாமா" என்ற முடிவைச் சர்வர்தான் எடுக்க வேண்டும்.

அதே காலத்தில் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ் இந்த இடத்தில் தாராளமாக இருந்தது. கிளையன்ட் கணினி "நான் பயனர் எண் 512" என்று சொன்னால் சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். தன் கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவன் தன்னை யாராக வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டு போய் நிற்கலாம். பத்துப் பேர் இருக்கிற ஆய்வகத்தில் ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியும், அதனால் அங்கே இது ஓடும். வளாகம் முழுக்க என்றால் ஓடாது.

ஆனால் சர்வரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், எல்லாரும் எல்லாவற்றுக்கும் சர்வரிடம்தான் வந்து நிற்பார்கள். அதைக் குறைக்கத்தான் ஒரு நல்ல யோசனை வைத்திருந்தார்கள். கோப்பைத் திறக்கும்போது முழுக் கோப்பையும் மேஜைக் கணினியின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுவது. அப்புறம் படிப்பதும் எழுதுவதும் அந்த நகலில்தான். மூடும்போது மாற்றம் இருந்தால் மொத்தமாகத் திருப்பி அனுப்பினால் போதும். மறுபடி திறந்தால் நகல் கையிலேயே இருக்கும். நூற்றில் 80 தடவைக்கு மேல் தேவையான கோப்பு உள்ளூர் நகலிலேயே கிடைத்தது. இவ்வளவு இருந்தும் சர்வர் ஏன் திணறியது? நகல் கையில் இருந்தாலும், அது பழசாகிவிட்டதா என்று ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சர்வரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விதான் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த டெஸ்ட்ஆத். 60 சதவீதத்துக்கும் மேல் அதுவே.

இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. கிளையன்ட் ஒவ்வொன்றுக்கும் சர்வரில் ஒரு தனி புராசஸ். நூறு பேர் வந்தால் நூறு புராசஸ்களுக்கு நடுவே சிபியு மாறி மாறி ஓட வேண்டும். அதோடு கோப்பின் முழுப் பாதையையும் கிளையன்ட் அனுப்பும், சர்வர் அதை டைரக்டரி டைரக்டரியாக நடந்து போய்த் தேடும். டிஸ்க் பெரும்பாலும் சும்மா கிடந்தது. மூச்சு வாங்கியது சிபியுதான்.

ஐந்தருவிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க நான் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சாரல் சீசனில் ஆற்றில் தண்ணீர் திடீரென்று கூடினால் போலீஸ் குளிக்கத் தடை போடுவார்கள், வடிந்ததும் விடுவார்கள். ஒரு நாளிலேயே இரண்டு மூன்று தடவை மாறும். தென்காசியில் லாட்ஜில் தங்கியிருக்கிற கூட்டம், வேன் டிரைவர், ஆட்டோக்காரர் எல்லாரும் அருவிப் பக்கம் பழக்கடை வைத்திருப்பவருக்குப் போன் போடுவார்கள். "அண்ணாச்சி, தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?" பதில் பெரும்பாலும் அதேதான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். ரம்புட்டான் நிறுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் போனையே பிடித்துக்கொண்டு நிற்பார். விவரம் தெரிந்த கடைக்காரர் என்றால் ஒரு தடவை சொல்லிவிடுவார்: "இப்ப விடுதாங்க. நிப்பாட்டுனா நானே போன் போடுதேன். அதுவரைக்கும் சும்மா சும்மா கேக்காதீய."

ஆண்ட்ரூவின் இரண்டாவது வடிவத்தில் அவர்கள் செய்ததும் இதைத்தான். அதற்குக் கால்பேக் என்று பெயர். கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கும்: "இதை வேறு யாராவது மாற்றப்போனால் முதலில் உன்னிடம் சொல்வேன்." அந்த வாக்குறுதி இருக்கும்வரை கிளையன்ட் வாயைத் திறக்காமல் தன் நகலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோப்புக்கு மட்டுமில்லாமல் டைரக்டரிகளுக்கும் அப்படியே. அதனால் பாதையைத் தேடி நடக்கிற வேலையையும் கிளையன்ட்டே பார்த்துக்கொண்டது. சர்வரிடம் போகும்போது நீளமான பாதை போகாது, 96 பிட் அடையாள எண் ஒன்றுதான் போகும். நூறு புராசஸ்களுக்குப் பதில் ஒரே புராசஸுக்குள் இலகுவான திரெட்கள்.

கடைக்காரர் உதாரணத்தில் ஓட்டையும் தெரியும். அவர் போனில் சார்ஜ் போய்விட்டால், போன் வராததை நம்பி வேன் கிளம்பிவிடும். சர்வர் விழுந்து எழுந்தால் யார் யாருக்கு வாக்குக் கொடுத்தோம் என்பது மறந்துபோகும். அதனால் தொடர்பு அறுந்து திரும்பினால், கையில் இருக்கிற எல்லா நகலையும் வீனஸ் சந்தேகத்துக்குரியதாகக் குறித்துவைத்து மறுபடி ஒரு தடவை விசாரிக்கும். என்எஃப்எஸ் தரப்பு இதைத்தான் குறை சொன்னது. சர்வர் எதையும் நினைவில் வைக்கவில்லை என்றால் விழுந்து எழுவது சுலபம். நினைவு வைத்தால் சிக்கல். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் 2000-க்குப் பிறகு வந்த என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் டெலிகேஷன் என்ற பெயரில் ஏறக்குறைய இதே வாக்குறுதி உள்ளே வந்துவிட்டது.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க அவர்கள் எழுதிய சோதனை நிரல் பிற்பாடு ஆண்ட்ரூ பெஞ்ச்மார்க் என்றே புகழ்பெற்றது. சுமார் 70 கோப்புகள், எல்லாம் சேர்ந்து 200 கிலோபைட். இன்றைக்கு ஐந்தருவி முன்னால் நின்று எடுக்கிற ஒரு செல்ஃபி இதைவிடப் பல மடங்கு பெரிசு! டைரக்டரிகளை உருவாக்கு, கோப்புகளைக் காப்பி பண்ணு, விவரங்களைப் பார், எல்லாவற்றையும் படி, கம்பைல் பண்ணு என்று ஐந்து கட்டம். தனிக் கணினியில் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் முதல் வடிவம் 70 சதவீதம் அதிகம் எடுத்தது. புது வடிவம் 19 சதவீதம்தான். 1988 பிப்ரவரியில் ஏசிஎம் ஆய்விதழில் வந்த கட்டுரையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்த கட்டுரை அது. முதல் வடிவம் எங்கே சறுக்கியது என்பதைக் கூச்சமில்லாமல் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதில் நண்பரின் முதல் புகாருக்கான பதிலும் உண்டு. சர்வர் மீது சுமை ஏற ஏற, விவரம் பார்ப்பதும் படிப்பதும் அவ்வளவாக அசையவில்லை. நகலும் வாக்குறுதியும் கையில் இருந்தால் போதும். காப்பியும் கம்பைலும்தான் மெதுவாயின. புதுக் கோப்பை உருவாக்குகிற வேலையில் எந்த கேஷும் உதவாது. இல்லாத கோப்புக்கு நகல் ஏது? ஒவ்வொன்றுக்கும் சர்வரிடம் போயே ஆக வேண்டும்.

நண்பருக்காக ஒரு காகிதக் கணக்குப் போட்டேன். 20,000 சிறு கோப்புகள், ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 80 மெகாபைட். வினாடிக்கு 20 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் அது 32 வினாடி வேலை. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் உருவாக்கு, எழுது, அனுமதியை வை, தேதியை வை, மூடு என்று ஐந்து போய்வரல், ஒரு போய்வரலுக்கு 40 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால் 4,000 வினாடி. அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். பைப்பை எவ்வளவு பெரிசாக்கினாலும் இந்த ஒரு மணி நேரம் குறையாது. எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பி அங்கே பிரித்தால் குறையும். கட்ட முடியாவிட்டால், வரிசையாக இல்லாமல் ஒரே நேரத்தில் பத்து இருபது கோப்பாக அனுப்ப வேண்டும். பெரிய ஹடூப் கிளஸ்டர்களில் சிறு கோப்புகள் என்றாலே நிர்வாகிகள் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே அனுமதியும் பெயரும் நேம்நோட் ஒன்றிடம், தரவு டேட்டாநோட்களிடம். தரவு எத்தனை இடத்தில் பிரிந்து ஓடினாலும் கேள்வி எல்லாம் ஒரே வாசலில்தான் போய் நிற்கும்.

இப்போது இரண்டாவது புகார். ஆண்ட்ரூவில் அனுமதிப் பட்டியல் கோப்பின் மேல் கிடையாது, டைரக்டரியின் மேல்தான். படிக்க, பட்டியல் பார்க்க, புதிதாகச் சேர்க்க, நீக்க, எழுத, பூட்ட, நிர்வகிக்க என்று ஏழு உரிமைகள். யாருக்கு எது என்று டைரக்டரியின் சொந்தக்காரர் எழுதி வைக்கலாம். நிர்வாகியைக் கேட்காமலேயே தனக்கு வேண்டிய குழுக்களை உருவாக்கியும் கொள்ளலாம். யூனிக்ஸில் குழு ஆரம்பிக்க நிர்வாகி காலில் விழ வேண்டியிருந்த காலத்தில் இது பெரிய சுதந்திரம். கோப்புக்குக் கோப்பு அனுமதி வைக்காமல் டைரக்டரியோடு நிறுத்தியது ஒரு சமரசம்தான், ஆனாலும் அது சரியான சமரசம் என்பது என் கட்சி. மனிதர்கள் கோப்பு கோப்பாக யோசிப்பதில்லை. "இந்த ஃபோல்டர் எங்க டீமுக்கு" என்றுதான் யோசிக்கிறார்கள்.

அதற்கு விலையும் உண்டு. கோப்பு ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பியானால், போய்ச் சேர்ந்த இடத்தின் சட்டம்தான் அதற்குப் பொருந்தும். பழைய யூனிக்ஸ் பழக்கத்தில் ஒருவர் கோப்புக்கு 600 என்று போட்டுப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார். ஏஎஃப்எஸ் குழுவுக்கும் மற்றவர்க்குமான அந்த எண்களைப் பார்ப்பதே இல்லை. டைரக்டரிப் பட்டியலில் யாருக்குப் படிக்கும் உரிமை இருக்கிறதோ அவர் படிப்பார். காப்பி நிரல் 600-ஐப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், உண்மையான பூட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும். ஒரே கோப்புக்கு இரண்டு டைரக்டரிகளில் ஹார்ட் லிங்க் போடவும் ஏஎஃப்எஸ் விடாது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு காவல்காரர், இரண்டு விதி என்றாகிவிடும் என்பதால். நண்பரின் சேமிப்பு ஏஎஃப்எஸ் கிடையாது. ஆனால் அதிலும் போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியைத்தான் கோப்புகள் சுவீகரிக்கின்றன. முதலில் காலி ஃபோல்டர்களை உருவாக்கி, அனுமதிகளைச் சரிசெய்து, கடைசியாகக் கோப்புகளைக் கொண்டுபோகச் சொன்னேன். ஏஎஃப்எஸில் பட்டியலை மட்டும் ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது என்பதிலிருந்து, இந்தத் தொல்லை எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது இன்னொரு தலைவலி. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் அந்தச் செய்தி எல்லா சர்வர்களுக்கும் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டால்? இதற்காக சத்யநாராயணன் எதிர்மறை உரிமை என்ற ஒன்றை வைத்தார். குழுவில் இருந்தாலும் பரவாயில்லை, இந்த டைரக்டரியில் இந்த ஆளுக்கு மட்டும் கிடையாது என்று பட்டியலிலேயே எழுதிவிடலாம், உடனே அமலாகும். 1989-ல் வந்த அவருடைய பாதுகாப்புக் கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். ஆனால் நேற்றே ஒரு நகலை அவர் தன் டிஸ்க்கில் வேறு பெயரில் எடுத்து வைத்திருந்தால் இந்த எதிர்மறை உரிமை அதைத் தொட முடியாது. முழுக் கோப்பையும் நகலெடுத்துக் கையில் கொடுக்கிற அமைப்பில், அனுமதி என்பது இனிமேல் கொடுக்கப்போகும் நகல்களைப் பற்றியது மட்டுமே. அலுவலகங்களில் ஆள் வேலையை விட்டுப் போன அன்று அவசரமாக அக்கவுண்ட்டை மூடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் ஆண்ட்ரூ குழுவிலிருந்து சிலர் டிரான்ஸ்ஆர்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஏஎஃப்எஸை விற்றார்கள். 1994-ல் ஐபிஎம் அதை வாங்கியது. 2000-ல் மூலநிரலைத் திறந்துவிட்டது, ஓபன்ஏஎஃப்எஸ் பிறந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் பல ஆண்டு இதில்தான் ஓடியது. முழுக் கோப்பு என்ற விதியும் பிறகு தளர்ந்து, துண்டு துண்டாக நகலெடுக்கும் முறை வந்தது. சத்யநாராயணனுக்கும் சக வடிவமைப்பாளர்களுக்கும் 2016-ம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1987-ல் கோடா என்ற அடுத்த அமைப்பைத் தொடங்கினார். சர்வரோடு தொடர்பே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கோடாவின் கேள்வி. மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகிற எங்கள் பக்கத்தில் இது பெரிய கேள்வி. தேவைப்படும் கோப்புகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள், அறுந்தால் கையில் இருப்பதில் வேலையைப் பார், செய்ததையெல்லாம் குறித்து வை, தொடர்பு வந்ததும் ஒப்படை. அனுமதி? அறுந்திருக்கும்போது வீனஸ் கையில் இருக்கும் பழைய விவரத்தை வைத்துத் தற்காலிகமாக அனுமதிக்கும். இறுதி முடிவு சர்வருடையதுதான். திரும்பி வந்து ஒப்படைக்கும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் புதிதாகச் சோதிக்கும். இடையில் உரிமை போயிருந்தாலோ, வேறு யாராவது அதே கோப்பை மாற்றியிருந்தாலோ ஏற்றுக்கொள்ளாது. அதற்காகச் செய்த வேலையைத் தூக்கியும் எறியாது. எல்லாவற்றையும் டார் போன்ற ஒரு கோப்பில் மூட்டை கட்டி அந்தக் கணினியிலேயே வைத்துவிடும். அதைப் பிரித்து எது செல்லும், எது செல்லாது என்று பார்ப்பது சொந்தக்காரர் பாடு.